வாசித்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்டது

எனக்குத் தமிழ்ச் சுருக்கெழுத்து நிமிடத்துக்கு நூறு சொல் வேகத்தில் வரும். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த நூறு சொல்லால்தான் இவ்வளவு கூத்தும் நடந்தது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2006 ஏப்ரலில், அகில இந்தியக் கிறிஸ்தவ வாலிபர் முன்னணியின் தாம்பரம் கிளையில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர்தான் தாம்பரம் கிளை. கட்டடம் இருப்பது செம்பாக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஒரு ஹால், இரண்டு டேபிள் டென்னிஸ் மேஜை, பின்னால் பாட்மிண்டன் கோர்ட், ஓர் ஆபீஸ் அறை, ஆறு கம்ப்யூட்டர் வைத்த வகுப்பறை. காலையில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்க வேண்டும், மத்தியானம் ஆபீஸ் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். அக்டோபர் மாதக் கமிட்டியில் என்னை நிரந்தரம் ஆக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார்கள்.

எங்கள் வீட்டில் இந்த வேலையை யாரும் மதிக்கவில்லை. அப்பா முனிரத்தினம் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர். இப்போது அதே நிலத்தில் கட்டிய வீடுகளின் வாடகையில் குடும்பம் நடக்கிறது. "நம்ம வூட்ல இன்னா கொறச்சல் கீது? நீ இன்னாத்துக்கு வேதக்காரங்க ஆபீஸ்ல குந்திகினு எழுதிகினு கீறே, ஜெயஸ்ரீ?" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பார்.

குறைச்சல் ஒன்றும் இல்லைதான். ஆனால் எனக்கு அந்த வகுப்பு வேண்டும். பதினான்கு பெண்கள் வந்தார்கள். அதில் பாதிப் பேர், மைதீன் பிச்சை பாயின் ஹார்டுவேர் கடை இருக்கும் தெருவிலிருந்து வந்த முஸ்லிம் வீட்டுப் பெண்கள். சொல்லிக்கொடுப்பது ஒரு பெண், இடமும் வீட்டுக்குப் பக்கம் என்ற இரண்டு காரணத்துக்காகத்தான் அவர்களை வெளியே விட்டார்கள். நான் போனால் வகுப்பும் போய்விடும். பாயின் மகள் ஃபரா என்னிடம் நேராகவே சொல்லியிருந்தாள்: "மிஸ், உங்கள நிறுத்திட்டா எங்க அத்தா என்னையும் நிறுத்திடுவாரு. ஆபீஸ்ல பாத்து நடந்துக்குங்க." வாழ்க்கையில் ஒரு மாணவி டீச்சருக்கு நன்னடத்தை சொல்லிக்கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஐசக் சார். கிளையின் செயலாளர்; பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தலைவர் துரை சார், ரயில்வேயில் இருந்தார். இருவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. வாலிபர் முன்னணிக்கு இந்த வயதில் நிர்வாகியா என்று யாராவது கேட்டால், "உறுப்பினருக்குத்தான் வயசு வரம்பு, நிர்வாகிக்கு இல்ல" என்று இருவரும் சேர்ந்தாற்போல விதி எண்ணோடு சொல்வார்கள். மற்ற எல்லாவற்றிலும் சண்டைதான். 2005 மழையில் எங்கள் தெரு மூழ்கியபோது, மீன்பாடி வண்டியில் உப்புமாப் பொட்டலங்களை ஏற்றி, ஒருவர் இழுக்க ஒருவர் தள்ள, முழங்கால் தண்ணீரில் வந்தார்கள். "லெஃப்ட்ல போடா", "லெஃப்ட்ல பள்ளம்டா" என்று தெரு முழுக்க ஒரே சத்தம். ஆனால் ஒரு வீட்டையும் விடவில்லை. அது சிநேகிதர்கள் போடுகிற சண்டை. 2006 ஜூனில் தொடங்கியது அந்த ரகம் இல்லை.

ஜூனில் நாக்பூர் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 1931-ல் கனமழையில் ரயில் ஓடாமல் நாக்பூர் ஸ்டேஷனில் மூன்று நாள் மாட்டிக்கொண்ட பதினொரு கல்லூரி மாணவர்கள், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மற்றப் பயணிகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்களாம். அப்படிப் பிறந்ததுதான் முன்னணி. பிறகு வாசகசாலை, தொழிலாளர் பள்ளி, புயல் நிவாரணம், கோடை முகாம், ரத்ததானப் பட்டியல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, நாடு முழுக்க இருநூறு கிளை ஆகிவிட்டது. எழுபத்தைந்து வயதாகிறது, பவள விழா மலர் போடுகிறோம். ஒவ்வொரு கிளையும் தன் வரலாற்றை நாலு பக்கத்தில் எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள்.

நாலு பக்கம் எங்கே, முதல் வரியிலேயே முட்டிக்கொண்டது. '1953-ல் என் தந்தையார் வீட்டு வராந்தாவில் இக்கிளை தொடங்கப்பட்டது' என்று ஐசக் சார் எழுதினார். துரை சார் அதை அடித்துவிட்டு, 'ரயில்வே காலனியில் என் தந்தையார் குவார்ட்டர்ஸில்' என்று மாற்றினார். ஐசக் சார் அதை அடித்தார். அந்தப் பக்கத்தை மூன்று முறை புதிதாக டைப் அடித்துக் கொடுத்தேன். நாலாவது முறை இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

பேச்சைத்தான் நிறுத்தினார்கள், ஜெபத்தை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி கூடும். ஏழு பேர். தொடக்க ஜெபம், போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பான மினிட்ஸ், பேச வேண்டிய விஷயங்கள், முடிவு ஜெபம், சமோசா, டீ. தொடக்க ஜெபம் தலைவருடையது, முடிவு ஜெபம் செயலாளருடையது. முகத்தைப் பார்த்துப் பேசாத இருவரும் கண்ணை மூடியதும் பேச ஆரம்பித்தார்கள். "ஆண்டவரே, அப்பன் பெருமை பேசுகிறவர்களுக்குத் தாழ்மையைத் தாரும்" என்று துரை சார் தொடங்கி வைப்பார். "கர்த்தாவே, தாழ்மை இல்லாதவர்கள் தாழ்மையைப் பற்றிப் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்குப் பொறுமையைத் தாரும்" என்று ஐசக் சார் முடித்து வைப்பார். மற்ற ஐந்து பேரும் இரண்டுக்கும் பொதுவாக ஆமென் சொல்லிவிட்டுச் சமோசாத் தட்டைப் பார்ப்பார்கள்.

மினிட்ஸ் எழுதுவது என் வேலை. நான் அதையெல்லாம் எழுதினேன். ஆமாம், ஜெபத்தை, சொல்லுக்குச் சொல். முதல் நாளே ஐசக் சார் சொல்லியிருந்தார்: "நடந்ததெல்லாம் மினிட்ஸ்ல வரணும்மா. ஒரு வரி விடக்கூடாது. நம்ம சங்கத்துக்கு ரெக்கார்டுதான் உயிரு." நான் கோயிலுக்குப் போனால் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு வருகிறவள். கமிட்டி மேஜையில் உட்கார்ந்து ஏழு பேர் காதில் விழும்படி கடவுளிடம் பேசினால், அது கடவுளுக்கு ஒரு மனு, கமிட்டிக்கு அதன் நகல் என்றுதான் நினைத்தேன். தவிர, விஷயங்களைப் பேசுவது பத்து நிமிடம். ஜெபங்கள் சேர்ந்து அரை மணி. அதை விட்டுவிட்டால் மினிட்ஸில் வேறு என்ன இருக்கும்? சனிக்கிழமை சுருக்கெழுத்தில் எடுத்ததைத் திங்கட்கிழமை நல்ல கையெழுத்தில் நோட்டில் ஏற்றிவிடுவேன்.

யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். அந்தக் கிளையின் பழக்கம் அப்படி. மினிட்ஸ் என்றதும் பொருளாளர், "வாசித்ததாக ஏற்றுக்கலாமே" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். 'வாசித்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று நான் எழுதிய வரிக்குக் கீழே துரை சார் ஒரு கையெழுத்துப் போடுவார். மகளிர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வயலட் அக்கா பதினொரு வருடமாகக் கமிட்டியில் இருந்தார். அவர் காதில் ஒரு மினிட்ஸ்கூட விழுந்ததில்லை.

அக்டோபர் கூட்டம் வந்தது. அதோடு நாக்பூரிலிருந்து தவமணி அம்மாவும் வந்தார். முன்னணியின் தேசியச் செயலாளர்களில் ஒருவர். பூர்வீகம் தெற்கே நாசரேத், பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. இருநூறு கிளைகளில் வரலாறு அனுப்பாதது தாம்பரம் ஒன்றுதான் என்பதால், அதைக் கையோடு வாங்கிப்போக வந்திருந்தார். அன்றைய விஷயங்களில் ஏழாவது நான்: 'கம்ப்யூட்டர் ஆசிரியையை நிரந்தரம் ஆக்குதல்'. துரை சார் எதிர்ப்பார் என்று தெரியும். என் மேல் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. நான் ஐசக் சார் எடுத்த ஆள், அவ்வளவுதான். அந்த நாட்களில் ஐசக் சார் இன்றைக்குச் சனிக்கிழமை என்றால்கூட துரை சார் காலண்டரைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார்.

மேலிடத்து ஆள் உட்கார்ந்திருந்ததால் துரை சார் தொடக்க ஜெபத்தை நாலே வரியில் முடித்தார். அடுத்து மினிட்ஸ். பொருளாளர் வழக்கம்போல, "வாசித்ததாக..." என்று ஆரம்பித்தார்.

"ஏன், வாசிச்சா என்ன?" என்றார் தவமணி அம்மா. "பவள விழா வருஷம். வாசிம்மா, கேப்போம்."

எனக்குப் பயமே இல்லை. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ஒரே குஷி. ஆறு மாதத்தில் முதல் முறையாக என் வேலையை நாலு பேர் கேட்கப்போகிறார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, டிவியில் செய்தி வாசிப்பவள் மாதிரி தொடங்கினேன்.

"செப்டம்பர் ஒன்பதாம் தேதி மாலை நாலு பத்துக்குக் கூட்டம் தொடங்கியது. தலைவர் ஜெபித்தார். 'எங்கள் பரலோகப் பிதாவே, உம்மைத் துதிக்கிறோம். நோயிலிருந்து எழுந்த கையோடு அப்பா போட்டோவை வரலாற்றில் ஒட்டிக்கொண்டு வந்திருப்பவரை நீர் பார்த்துக்கொண்டிருக்கிறீர்.'"

வயலட் அக்கா விசிறிக்கொண்டிருந்த நோட்டீஸ் அந்தரத்தில் நின்றது. நான் வாசிப்பின் வேகத்தில் அதைப் பொருட்படுத்தவில்லை.

"'யாரையும் கேட்காமல் ஆட்களை நியமிக்கிறவர்களுக்கு ஞானத்தைத் தாரும். இந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு நமக்குத் தேவைதானா என்பதை நீரே வெளிப்படுத்தும். அந்தப் பெண்ணுக்கு வேறே நல்ல இடத்தில் ஒரு வாசலைத் திறந்தருளும்.'"

இதை எழுதினபோது எனக்கு வலிக்கவில்லை. நூறு சொல் வேகத்தில் கை ஓடும்போது அர்த்தம் உள்ளே இறங்காது; திங்கட்கிழமை நோட்டில் ஏற்றும்போதும் கண் கையெழுத்து அழகில்தான் இருக்கும். இப்போது என் வாயாலேயே சொன்னபோது இறங்கியது. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தை வாசித்தேன். விஷயங்கள் நாலு வரியில் முடிந்தன. "செயலாளர் ஜெபித்தார். 'கர்த்தாவே, வருஷத்துக்கு ஒரு குவார்ட்டர்ஸ் மாறினவர்களின் பிள்ளைகள், எந்தக் குவார்ட்டர்ஸ் என்று தெரியாமலே வரலாறு எழுதுகிறார்கள். அவர்களை மன்னியும்.' மாலை நாலு ஐம்பதுக்குக் கூட்டம் முடிந்தது. சமோசா வழங்கப்பட்டது."

நிஜமாகவே எழுதியிருக்கிறேனா என்று பொருளாளர் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"ஜெயஸ்ரீ," என்றார் ஐசக் சார், தலையில் கை வைத்துக்கொண்டு. "ஜெபத்தையாம்மா எழுதின?"

"நீங்கதான சார் ஒரு வரி விடக்கூடாதுன்னீங்க?"

பொருளாளர் எனக்குப் பரிதாபமாக விளக்கினார். "அம்மா, ஜெபத்துல சொல்றத யாரும் வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. கேட்டவங்க கேட்டதோட விட்டுடணும். இது எங்கயும் எழுதி வெக்கல. ஆனா எல்லாருக்கும் தெரியும்." அந்த எல்லாரில் நான் இல்லை. அவர்களுக்கெல்லாம் சண்டே ஸ்கூல் நாளிலிருந்து தெரிந்த ஒன்றை, நான் பேனாவால் உடைத்துவிட்டேன். ஏழாவது விஷயத்துக்கு இனிமேல் அவர்கள் பேசக்கூடத் தேவையில்லை என்று புரிந்தது. திங்கட்கிழமை ஃபராவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

தவமணி அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. ஒரு வழியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு முந்தின மாசம்?" என்று கேட்டார்.

"அது வேணாம்மா," என்றார் துரை சார் சட்டென்று. "நேரமாகுது."

பொருளாளர் மேஜையைப் பார்த்தார். வயலட் அக்கா ஜன்னலைப் பார்த்தார். ஐசக் சார் மட்டும் ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன். ஆகஸ்ட் பன்னிரண்டு. ஐசக் சார் உடம்பு சரியில்லாமல் வராத கூட்டம் அது. முதல் இரண்டு வரியைப் பார்த்ததும் அன்றைக்கு நடந்தது முழுக்க ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

வாசிக்கக் கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்புக்கு மன்னிப்பு உண்டு. தெரிந்து செய்தால் கிடையாது. ஆனால் நான் கொஞ்சம் கோபக்காரி. இந்த ஒரு பக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஐந்து பேர் இரண்டு மாதமாக ஆமென் சொல்லிச் சமோசா தின்றிருக்கிறார்கள். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவர் நீட்டும் டீயை இன்னொருவர் வாங்காமல் இருந்திருக்கிறார்கள். வேலைதான் போய்விட்டதே, இனி எதற்குப் பயப்பட வேண்டும்? வாசித்துவிட்டேன்.

"செயலாளர் திரு. ஐசக் டைஃபாய்டு காரணமாக வரவில்லை. தலைவர் ஜெபித்தார். 'ஆண்டவரே, ஐசக்கைத் தொடும்.' இங்கே தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'அவன் இல்லாம இது கூட்டமாவே இல்ல. அவங்க அப்பா வீட்டு வராந்தாவுலதான் மொதல் கூட்டம் நடந்துச்சு. அது எனக்குத் தெரியும். எங்கப்பாவே சாகுறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொன்னாரு. எங்கப்பா பேரு எங்கயுமே இல்லாமப் போயிடுமோன்னுதான் பிடிவாதம் புடிச்சேன். அவன எழுப்பிக் கொடும் ஆண்டவரே, நானே அவங்கிட்ட சொல்லிடறேன்.' இங்கே தலைவர் அழுதார். ஆமென்."

துரை சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஐசக் சார் எழுந்துபோய் மூலையில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் குடித்தார். திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தலைவர் அவர்களே, மினிட்ஸ்ல ஒரு திருத்தம்."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எனக்கு வந்தது டைஃபாய்டு இல்ல. மஞ்சக்காமாலை."

துரை சார் கையை எடுத்தார். நாலு மாதத்தில் முதல் முறையாக அவர் ஐசக் சாரை நேராகப் பார்த்தார். "ரெண்டும்தானடா வந்துச்சு?"

"ஒண்ணுதான்டா."

"அப்புறம் எதுக்குடா மூணு வாரம் படுத்துக் கெடந்த?"

"நீ வந்து பாக்கவேயில்லையேடா."

"வந்தேன்டா," என்றார் துரை சார். குரல் இறங்கிவிட்டது. "கேட்டு வரைக்கும் வந்தேன். உள்ள வர மூஞ்சி இல்லாம திரும்பிட்டேன்."

வயலட் அக்கா மூக்கை உறிஞ்சினார். நானும்தான். ஐசக் சார் உட்கார்ந்து, எதையாவது செய்தே ஆக வேண்டும் என்பதுபோல வரலாற்றுத் தாளை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். "எழுதும்மா ஜெயஸ்ரீ," என்றார். "1953-ல் ஐசக்கின் தந்தையார் வீட்டு வராந்தாவில், துரையின் தந்தையார் ரயில்வே காலனியிலிருந்து தலையில் சுமந்து வந்த பெஞ்சில் உட்கார்ந்து, இக்கிளை தொடங்கப்பட்டது."

"எந்த பெஞ்சுடா?" என்றார் துரை சார்.

"இருந்துச்சு. எங்கப்பா சொல்லியிருக்காரு. இருந்த ஒரே பெஞ்சு உங்கப்பா கொண்டு வந்ததுதான். நானும்தான் அத எழுதாம விட்டேன்."

துரை சார் அந்த வரியை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து இரண்டு முறை படித்தார். "தந்தையார் பேரையும் போடும்மா," என்றார். போட்டேன். இருவரும் கையெழுத்திட்டார்கள். தவமணி அம்மா மை காயும் முன்பே தாளைத் தன் பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். மறுபடியும் அடித்தல் திருத்தல் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

"அடுத்தது ஏழாவது விஷயம்," என்றார் துரை சார்.

இரண்டாவது, மூன்றாவது எல்லாம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

"ஜெயஸ்ரீ, இவனக் குத்தறதுக்கு உன்ன நடுவுல இழுத்துட்டேன். தப்பு என் மேல. நீ எழுதுனதுல தப்பு இல்ல, நான் சொன்னதுதான் தப்பு." அவர் கமிட்டியைப் பார்த்துத் திரும்பினார். "இந்தப் பொண்ண நிரந்தரம் ஆக்கணும்னு நான் முன்மொழியறேன். வகுப்பு நடக்கட்டும்."

"வழிமொழியறேன்," என்றார் ஐசக் சார்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் பொருளாளர் அவசரமாக. "இனிமே ஜெபத்தை எழுதக் கூடாது."

ஏழு கையும் உயர்ந்தன. தவமணி அம்மாவுக்கு அங்கே ஓட்டுக் கிடையாது; அவரும் கையைத் தூக்கினார். நான் எழுந்து எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அதையும் மினிட்ஸில் எழுதினேன். 'ஏகமனதாக நிறைவேறியது' என்பதைத் தாளைப் பார்க்காமல், அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். என் சுருக்கெழுத்து நோட்டில் அந்த ஒரு வரி மட்டும் இன்றைக்கும் கோணலாக இருக்கிறது.

முடிவு ஜெபம் பாக்கி. ஐசக் சார் கண்ணை மூடினார், திறந்தார். என் பேனாவைப் பார்த்தார். "நீயே பண்ணுடா," என்றார் துரை சாரிடம். துரை சாரும் என் பேனாவைப் பார்த்தார். பொருளாளர் பார்த்தார். வயலட் அக்கா பார்த்தார். நூறு சொல் வேகத்துக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைத்ததில்லை.

"பேனாவ மூடும்மா," என்றார் தவமணி அம்மா.

மூடி வைத்தேன். துரை சார் ஜெபித்தார். ரொம்ப நேரம் இல்லை, இரண்டு நிமிடம் இருக்கும். ஐசக் சாருக்காகக் கேட்டார், அப்புறம் எனக்காக, என் பெயரைச் சொல்லியே கேட்டார். என்ன கேட்டார் என்பது ஒரு சொல் விடாமல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சொல்ல மாட்டேன்.